கல்யாண அழைப்பு ஏன் '.ஏபிகே' கோப்பாக வருகிறது? தட்டுவதற்கு முன் இதைப் பாருங்க

மாமா மகளுக்குக் கல்யாணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. அனுப்பியவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். மண்டபம் ஜார்ஜ்டவுனிலா, பட்டர்வொர்த்திலா என்று பார்க்கத் தட்டுகிறீர்கள். அழைப்பிதழ் திறக்கவில்லை. 'இந்தச் செயலியை நிறுவவா?' என்று போன் கேட்கிறது. அங்கேயே நிறுத்துங்க.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறது? .ஜேபிஜி என்றால் படம், .பிடிஎஃப் என்றால் ஆவணம். .ஏபிகே என்றால் அது ஆண்ட்ராய்டு செயலி. அழைப்பிதழைச் செயலியாக அனுப்ப யாருக்கும் அவசியம் இல்லை.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மலேசியா, புருணை மக்களைக் குறிவைத்து 2024 முதல் பரவிய 'ட்ரியா ஸ்டீலர்' பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025 ஜனவரியில் விவரம் வெளியிட்டது. அதன் தூண்டில் கல்யாண அழைப்புதான். நிறுவியதும் போனின் எஸ்எம்எஸ்-களைப் படிக்கும். அதில் வரும் ஓடிபி-யை வைத்து உங்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் கணக்குகளைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு உங்கள் பெயரிலேயே உங்கள் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பார்கள். 'தெரிஞ்சவங்கதானே அனுப்பினாங்க' என்ற நம்பிக்கை ஏன் எடுபடாது என்று இப்போது புரியும்.

தந்திரம் பழசு. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் பிலிப்பீன்ஸில் இருந்து கிளம்பியது. கோப்பின் பெயர் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடிந்தது. விண்டோஸ் கடைசி நீட்சியை மறைத்துக் காட்டியதால், பலருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது.

சரி, நிஜமாகவே ஒரு செயலியை நீங்களே அப்டேட் பண்ண வேண்டியிருந்தால்? கூகுள் பிளே இல்லாத போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். இறக்கிய கோப்பு .எக்ஸ்ஏபிகே என்றோ .ஏபிகேஎஸ் என்றோ இருந்தால், அது பல கோப்புகளின் மூட்டை. பெயரை .ஏபிகே என்று மாற்றினால் பிழைச் செய்தி வருமே தவிர, நிறுவாது. பெயரை மாற்றுவதால் உள்ளே இருப்பது மாறாது, அவ்வளவுதான்.

இன்னொரு பிழை இதைவிட முக்கியம். பழைய செயலியோடு புதியது 'மோதுகிறது' என்று போன் சொன்னால், இரண்டின் டிஜிட்டல் கையொப்பமும் பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் காரணம். அதாவது, முதல் செயலியைத் தயாரித்தவர் இதைத் தயாரிக்கவில்லை என்று சந்தேகப்பட இடமுண்டு. 'பழசை அழிச்சிட்டு இதைப் போடுங்க' என்று யாராவது சொன்னால், அந்தச் சோதனையையே தாண்டச் சொல்கிறார்கள். வங்கிச் செயலி என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்க. என்னைக் கேட்டால், நீட்சியைவிட இந்தப் பிழைச் செய்திதான் நம்மைக் காப்பாற்றும். ஆனால் அதைத்தான் நாம் எரிச்சலோடு மூடிவிடுகிறோம்.

ஏற்கெனவே தட்டி நிறுவிவிட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். வேறு போனில் இருந்து உங்கள் வங்கியையும், 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும் அழையுங்கள். வெட்கப்பட்டுத் தாமதித்தால், பணம் அதற்குள் கை மாறிவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மா, அப்பா போனை வாங்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 8-இல் இருந்து 'தெரியாத செயலிகளை நிறுவும்' அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. செட்டிங்ஸில் அதைத் தேடி, வாட்ஸ்அப்புக்கும் (புலனம் என்று சொன்னாலும் சரி) பிரவுசருக்கும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.