இரும்புக் குண்டும் இளவட்டக்கல்லும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று விளையாட்டு விழா மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். கை தட்டுகின்றோம், கலைந்து போகின்றோம். சுவரைக் காப்பது எவ்வாறு என்ற வினா எழும்போது மட்டும், கற்றோரும் கல்லாதோரும் வேறுபாடின்றித் தவறான செய்திகளையே கைமாற்றிக் கொள்கின்றனர். எடை கொண்டு செய்யும் பயிற்சிகள் பற்றி, அவற்றுள்ளும் அண்மைக்காலமாக நம் ஊர்களில் பரவிவரும் கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு பற்றி, நம்மிடையே நிலவும் எண்ணங்கள் சிலவற்றை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றிய இடம் கொடைக்கானல். துறை மாணவருடன் உலா சென்றிருந்தபோது, கடைவீதியில் சரக்குந்து ஒன்றில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக் கொண்டிருந்தார் முதியவர் ஒருவர். மெலிந்த உடல், வயது அறுபதுக்குக் குறையாது. நம் மாணவருள் ஒருவர் இரண்டாண்டுகள் உடற்பயிற்சிக் கூடத்தில் பயின்று புயங்கள் புடைக்கப் பெற்றவர். தோழர்கள் தூண்டிவிட, ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்ட முன்வந்தார். குனிந்தார், இழுத்தார், "அம்மா" என்று அமர்ந்துவிட்டார். மலையிறங்கும் வழியெல்லாம் பேருந்தின் பின்னிருக்கையில் அவர் படுத்தே வந்தார். அம்முதியவர் சொன்னது இதுதான்: "தம்பி, கையால தூக்காதீங்க. உக்காந்து, மூட்டையை நெஞ்சோட அணைச்சு, காலால எழுந்திரிங்க."

வலிமை தோளிலும் புயத்திலும் உள்ளது என்பதே முதற்பெரும் தவறு. கண்ணாடியில் தெரியும் தசையை மட்டும் வளர்ப்போர், கண்ணாடியில் தெரியாத முதுகையும் இடுப்பையும் தொடையின் பின்புறத்தையும் மறந்துவிடுகின்றனர். கெட்டில்பெல்லை வீசும் பயிற்சியைத் தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு அது கையால் குண்டை உயர்த்துவதாகவே தோன்றும். உண்மை அதுவன்று. முதுகெலும்பை நேராக நிறுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடக்கி, பிட்டத்தின் தசையும் தொடையின் பின்தசையும் ஒருங்கே உந்த நிமிர்ந்தால், குண்டு தானே மார்பளவு எழும். கைகள் அங்கே வெறும் கயிறுகள். இதனை அறியாது தோளால் இழுப்பவரும் முதுகை வளைப்பவரும்தாம் வலியோடு வீடு திரும்பி, "இரும்பு இடுப்பைக் கெடுக்கும்" என்ற வதந்தியைப் பரப்புகின்றனர். குற்றம் இரும்பினதா?

இப்பயிற்சி நமக்கு அயலானது என்று ஒதுக்குவோரும் உளர். பெயர் அயலானதுதான். உருசிய நாட்டில் இதற்குக் கிரியா என்று பெயர். அங்காடியில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்ததே பின்னர் வீரர்களின் கைக்கு வந்தது என்பர். பூட் என்னும் அவர்தம் பழைய நிறையளவு ஏறத்தாழ 16 கிலோ; இன்றும் 16, 24, 32 கிலோக் குண்டுகள் அவ்வளவையின் வழிவந்தனவே. ஆனால் செயல் நமக்கு அயலானதன்று. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் கிடவாத இடம் அரிது. அக்கல்லைத் தூக்குபவன் என்ன செய்கிறான்? குந்தி அமர்ந்து, கல்லை அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சுக்குக் கொணர்ந்து, பின் தோள்வழியே எறிகிறான். மலைமுதியவர் சொன்ன பாடமே அது. கர்லாக்கட்டையின் கதையோ இன்னும் வியப்பானது. இங்கிருந்த வெள்ளையர் இந்நாட்டுக் கட்டை சுழற்றலைக் கண்டு கற்று, தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அது 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது. நாமோ அதனைப் பரணில் ஏற்றிவிட்டோம்!

மலைவாழ் மக்களையும் இங்கு நினைத்தல் தகும். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், பெரியகுளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதைவழியே வெள்ளையரை நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து கொடைக்கானலுக்கு ஏறியவர் நம் மக்களே. நெடுங்காலம் வண்டிப்பாதை இல்லாதிருந்த வெள்ளகவி போன்ற சிற்றூர்களின் ஆணும் பெண்ணும் தலைச்சுமையோடு சரிவுகளில் ஏறி இறங்கினர். "பெண்கள் எடை தூக்கலாகாது, தூக்கினால் ஆண்போல் உடல் இறுகிவிடும்" என்போர் அப்பெண்களைக் கண்டதில்லை போலும். தசை பெரிதும் பருப்பதற்குத் துணைபுரியும் இயக்குநீர் ஆண்களிடமே மிகுதி. பெண்களுக்கு இப்பயிற்சியால் கிட்டுவது எலும்பின் உறுதியும் மூட்டின் காவலுமே. நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் ஏற்றும்போது தடுக்காத நாம், அதே எடையைப் பயிற்சியாகச் செய்தால் மட்டும் தடுப்பது என்ன நியாயம்?

ஆயினும் சுமை வேறு, பயிற்சி வேறு. வயிற்றுக்காகச் சுமப்பவன் எடையையும் நேரத்தையும் தானே தேர்ந்தெடுப்பதில்லை, ஓய்வையும் தேர்ந்தெடுப்பதில்லை. அம்முதியவரின் முழங்கால் நிலையை நாம் அறியோம். பயிற்சியின் நன்மையே அளவில்தான் உள்ளது.

அளவை மறக்கச் செய்வதில் மலைக்காற்றுக்கும் பங்குண்டு. "மலையில் பிராணவாயு மிகுதி" என்று எண்ணி, வந்த அன்றே ஏரியைச் சுற்றி ஓடுவோரைக் காண்கின்றோம். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சமவெளியினதில் முக்கால் பங்கினும் சற்றே கூடுதல்; மூச்சில் கிட்டும் பிராணவாயுவும் அவ்வாறே குறைவு. காற்று தூயது என்பது வேறு, செறிவானது என்பது வேறு. இதய நோயுடையோரும் குருதியழுத்தம் மிக்கோரும் இதனைக் கருத்திற் கொள்க.

மறுதலையாக, இக்குண்டே எல்லாவற்றையும் தரும் என்று விற்போரையும் நம்பலாகாது. டென்மார்க் ஆய்வாளர் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், தசைவலி மிகுந்த தொழில்களில் இருந்த 40 பேரைத் தேர்ந்து, ஒரு பிரிவினர்க்கு மட்டும் எட்டு வாரங்கள், வாரம் மும்முறை, இருபது நிமிடம் கெட்டில்பெல் பயிற்சி அளித்தனர். கழுத்து, தோள், இடுப்பு வலி குறைந்தது. முதுகின் வலிமை கூடியது. ஆனால் இதயமும் நுரையீரலும் உழைக்கும் ஆற்றலில் மாற்றம் காணப்படவில்லை. எனவே நடை வேண்டாம் என்பது பிழை. நடை மட்டும் போதும் என்பதும் பிழையே. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உழைப்போடு, இரு நாள்களேனும் தசைவலுப் பயிற்சியையும் வேண்டுகின்றது. நம் பெரியவர்கள் விடியலில் நடக்கின்றனர். இரண்டாவதைத் தொடுவதே இல்லை. உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. இந்தியாவில் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்லும் நாட்டில், முதுமையில் தசை கரைவதை வாளா பார்த்திருத்தல் பெருந்தவறு.

தொடங்குவோர்க்குப் பெரிய குண்டு வேண்டா. பெண்களும் முதியோரும் 4 கிலோவில் தொடங்கலாம். இளைஞர்க்கு 8 கிலோ முதலில் போதும். ஒரு திங்கள் வரை வீசவே வேண்டா. நேர்முதுகோடு குந்தி எழவும் இடுப்பை மடக்கவும் மட்டும் பழகுக.

கல்லூரி ஆட்சிக் குழுவினர்க்கு நம் வேண்டுகோள் சிறியது. ஆண்கள் விடுதியில் மட்டுமன்றிப் பெண்கள் விடுதியிலும் சிறிய, நடுத்தரக் குண்டுகள் சிலவற்றை வாங்கி வைக்க வேண்டும். முன்னாளில் கர்லாக்கட்டை பழகிய பெரியவர் எவரேனும் ஊரில் இருப்பின், முதல் பாடத்திற்கு அவரையே அழைக்கலாம். முதுகு பிடித்துக்கொண்ட நம் மாணவர் முதல் வரிசையில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.