பாதியில் திரும்பும் கை

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு)

"கம்ப்யூட்டர்காரன் எழுதியிருக்கான், நமக்கெதற்கு?" என்று மெக்கானிக்கல், சிவில் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் லேத் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ரிவர்ஸ் போட்டால் இன்ஸ்ட்ரக்டர் சும்மா விடுவாரா? ஓடுகிற ஒன்றை நிறுத்தவும் திருப்பவும் ஒரு முறை உண்டு என்பது உங்களுக்கு முதல் வருடத்திலேயே கையில் ஏறிவிடுகிறது. எங்கள் பிரிவில்தான் அது ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கள் லேபில் இரும்பு உடையாது, விரல் போகாது, அதனால்தானோ என்னவோ!

நான் சொல்ல வந்தது வெப் பக்கங்களில் வரும் 'ஹோவர்' சமாச்சாரம். மவுஸைப் பொத்தான் மேல் கொண்டுபோனதும் அது பெரிதாகும், நிறம் மாறும், மெனு கீழே விரியும் அல்லவா, அதுதான். 1998-ல் சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பு வந்தபோதே ஹோவரும் வந்துவிட்டது. அப்போது மவுஸ் வந்தால் சிவப்பு, போனால் நீலம், அவ்வளவுதான். நடுவில் எதுவும் இல்லை, எனவே நடுவில் முறிய எதுவும் இல்லை. பிற்பாடு அந்த மாற்றத்தை மெதுவாக ஓடவிடும் வசதிகள் வந்தன. "மெனு 300 மில்லி செகண்டில் விரியட்டும்" என்று இன்று நாமும் எழுதுகிறோம். சரி, 100 மில்லி செகண்டிலேயே கை விலகிவிட்டால்?

இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. மவுஸ் வரும், நிற்கும், ரசிக்கும், பிறகு சாவகாசமாகப் போகும் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறோம். உண்மையில் யார் அப்படி மவுஸ் பிடிக்கிறார்கள்? பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குப் போகிற மவுஸ் வழியில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் உரசிக்கொண்டுதான் போகும். என் கட்சி இதுதான்: பாதியில் முறிவதை விதிவிலக்காக நினைக்கக்கூடாது, அதையே முதல் வழக்கமாக வைத்து எழுத வேண்டும்.

2006-ல் ஜான் ரெசிக் கொடுத்த ஜேகுவரியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், ரேஷன் கடை வரிசை மாதிரி. மவுஸ் ஐந்து முறை உள்ளே வெளியே போய்வந்தால் திற, மூடு, திற, மூடு என்று பத்து வேலை சேர்ந்துவிடும். நாம் நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 மில்லி செகண்ட். கை எப்போதோ விலகியிருக்கும். மெனு மட்டும் ஏறத்தாழ நாலு செகண்ட் தானாகச் சாமியாடிக்கொண்டிருக்கும்! ஒவ்வொரு புது அசைவுக்கும் முன்னால் 'ஸ்டாப்' சொல்லி வரிசையைக் காலி செய்ய வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டாப்புக்கு இரண்டு விடைகள் கொடுக்கலாம். முதலாவது, வரிசையைக் காலி செய்யவா? இரண்டாவது, ஓடுகிற அசைவின் முடிவுக்கே தாவிவிடவா? இரண்டுக்கும் 'ஆம்' என்று எழுதிய நிரல் நம் லேபில் கைமாறிக் கைமாறி வருகிறது. அதனால் வரிசை தீரும், ஆனால் மெனு கண்ணெதிரே குதிக்கும். முதலாவதற்கு மட்டும் 'ஆம்' போதும்.

சி.எஸ்.எஸ். டிரான்சிஷன் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலி. பாதியில் மவுஸ் விலகினால், பொருள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே திரும்பும். அதோடு விட்டுவிடவில்லை. சீரான வேகத்தில் 300-க்கு 100 மில்லி செகண்ட் தூரமே போயிருந்தால், திரும்பவும் 100 மில்லி செகண்ட்தான் எடுத்துக்கொள்ளும். கால்வாசி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவன் முழு வழிக்கான நேரமா எடுப்பான்? இந்தக் கணக்கை டிரான்சிஷன் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பதுதான். ஆனால் கெடுக்கிறோமே! டிரான்சிஷன் வரியைப் பொத்தானின் சாதாரண நிலையில் எழுதாமல் ஹோவர் விதிக்குள் மட்டும் எழுதினால், வரும்போது மெத்தென்று வரும், போகும்போது வெடுக்கென்று போகும். கீஃப்ரேமில் ஹோவர் எழுதினால் அதைவிட மோசம். மவுஸ் விலகிய கணமே அனிமேஷன் கழன்றுவிடும். பொருள் பழைய இடத்துக்கு ஒரே பாய்ச்சல். கீஃப்ரேம் ஓயாமல் சுற்றுகிற வேலைக்கு ஆகும். போய்த் திரும்புகிற வேலைக்கு டிரான்சிஷன்தான் லாயக்கு.

இன்னொரு கூத்து. மவுஸ் பட்டதும் பத்து பிக்சல் மேலே எழும்புகிற அட்டை. மவுஸ் அட்டையின் அடி ஓரத்தில் பட்டால் அட்டை எழும்பும்; மவுஸ் வெளியே நின்றுவிடும்; அட்டை இறங்கும்; மவுஸ் உள்ளே வந்துவிடும்; மறுபடி எழும்பும். குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். மருந்து சுலபம்: அசையாத ஒரு வெளிப்பெட்டி வைத்து ஹோவரை அதற்குக் கொடுங்கள், உள்ளே இருக்கிற அட்டை மட்டும் அசையட்டும்.

(இடம் தொடர்ந்தாலும் வேகம் தொடருமா என்று சிலர் கேட்பீர்கள். தொடராது, திரும்பும் கணத்தில் ஒரு சின்ன முறிவு உண்டு. அதற்கு ஸ்பிரிங் கணக்கு வேண்டும். மலர்க்குழு எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு பக்கம்தான்.)

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பேச்சு?" என்று விடுதி நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக பிரவுசிங் சென்டர் போயிருந்தோம். "நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்குறேண்டா" என்று அப்பா ஆசையாக மவுஸை வாங்கினார். தளத்தின் பெயர் வேண்டாம். மெனு விரிந்தது, அதன் வலப்புறம் துணைமெனுவும் விரிந்தது. எந்த மனிதனும் போவது மாதிரி அவரும் குறுக்காகப் போனார். கை வழியில் அடுத்த வரியை உரசியது, துணைமெனு மூடிக்கொண்டது. நாலு தடவை! கடைசியில் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நமக்கெல்லாம் இது வராதுடா, நீயே பாரு" என்று எழுந்துவிட்டார்.

தூக்குக்குண்டு பிடித்து நூல் பிசகாமல் சுவர் எழுப்புகிற கை அது. அந்தக் கைக்கா மவுஸ் பிடிக்கத் தெரியாது? எழுதியவர் யோசிக்காமல் விட்டதை அப்பா தன் படிப்பின் குறையாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

வழி இல்லாமல் இல்லை. அமேசான் தளத்தின் மெனுவில், மவுஸ் இருக்கும் புள்ளியிலிருந்து துணைமெனுவின் இரு மூலைகளுக்கும் ஒரு கற்பனை முக்கோணம் போடுகிறார்கள் என்பதை 2013-ல் பென் கேமன்ஸ் என்பவர் விளக்கி எழுதினார். மவுஸ் அந்த முக்கோணத்துக்குள் நகர்ந்தால் "இவர் துணைமெனுவுக்குத்தான் வருகிறார்" என்று காத்திருக்கும். அந்த ஜியோமிதி எல்லாம் கஷ்டம் என்றால் தாமதம் வையுங்கள். ஹோவர் நிலையில் 100 மில்லி செகண்ட் தாமதம்: கடந்துபோகிற மவுஸுக்கு மெனு திறக்காது. சாதாரண நிலையில் 300 மில்லி செகண்ட் தாமதம்: கை தவறி விலகினாலும் உடனே மூடாது. சி.எஸ்.எஸ்.-இல் இரண்டே வரி! டபிள்யூ3சி 2018-ல் வெளியிட்ட 2.1 அணுகல் விதிகளிலும் இது இருக்கிறது. ஹோவரில் தோன்றியதன் மேல் மவுஸை நகர்த்தினால் அது மறையக்கூடாது என்கிறது அந்த விதி.

"அனிமேஷனே வேண்டாம், எல்லாம் பகட்டு" என்கிற சீனியர்களும் உண்டு. பாதி ஒத்துக்கொள்கிறேன். அசைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே 'குறைந்த அசைவு' என்று வைத்திருந்தால் நம் பக்கம் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மெனு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கண்ணுக்குக் காட்ட அசைவு உதவுகிறது. புதிதாக மவுஸ் பிடிக்கிறவருக்கு அது இன்னும் அதிகமாகவே உதவும்.

"இப்போ எல்லாரும் போன்தானே, போனில் ஹோவர் ஏது?" என்பது இன்னொரு வாதம். நம் கையில் போன் இருக்கிறது, சரி. இ-சேவை மையத்தில், பஞ்சாயத்து ஆபீசில், பிரவுசிங் சென்டரில் மேஜை மேல் இருப்பது என்ன?

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் கண்காட்சியில் வெப் பக்கம் செய்தவரே மவுஸைப் பிடித்து, மெதுவாக, ஒரே ஒரு முறை காட்டுகிறார். பார்க்க வந்தவர் "பிரமாதம்" என்று மார்க் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறார். வருகிற கண்காட்சியில் செய்தவர் மவுஸைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். பத்து முறை வேகமாக உள்ளே வெளியே ஓட்டட்டும், குறுக்கே இழுக்கட்டும், பாதியில் கையை எடுக்கட்டும். அதைச் செய்ய வேறு பிரிவு மாணவர் யாரும் கிடைக்காவிட்டால் நம் கேன்டீன் அக்காவைக் கூப்பிடுங்கள். செய்தவர் இரண்டடி தள்ளி நின்று, வாயைத் திறக்காமல் பார்க்கட்டும்.