அளவறியா உணவும் அடுக்களை மருந்தும்

உண்டது செரியாமல் வயிறு பொருமும்போது அதன் கரணியத்தை ஆராய்வார் சிலரே. கைக்கு எட்டிய ஒன்றை விழுங்கி ஏப்பம் விட்டு அமைதியுறுவாரே பலர். பெட்டிக்கடையில் 'சோடா' வாங்கிக் குடிப்பதும், ஆப்பத்திற்கிடும் சோடா உப்பை நீரில் கரைத்துப் பருகுவதும் நாள்தோறும் காணும் காட்சிகள். முன்னதில் உள்ளது அழுத்தி அடைத்த கரிவளி. பின்னது, இரைப்பையின் புளிப்பொடு கலந்து அதே கரிவளியைத் தோற்றுவிப்பது. வளியால் துன்புறும் வயிற்றில் மேலும் வளியைச் செலுத்திவிட்டு, அதில் ஒரு பகுதி ஏப்பமாய் வெளியேறுவதையே நோய் நீங்கியதாகக் கொள்வது அறியாமையன்றி வேறென்ன?

வயிற்றில் வளி சேர்வது பெரும்பாலும் இரு வழிகளால். விரைந்து உண்ணும்போதும், பேசிக்கொண்டே உண்ணும்போதும் உணவோடு உள்ளே செல்லும் காற்று ஒன்று. சிறுகுடலில் செரியாது எஞ்சியதைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்வதால் எழுவது மற்றொன்று. மொச்சை, கொண்டைக்கடலை, பருப்பு முதலியவற்றிலுள்ள சில சருக்கரை வகைகளைப் பிளக்கும் ஆற்றல் மாந்தரின் சிறுகுடலுக்கு இல்லை. பாலிலுள்ள சருக்கரையைச் செரிக்கும் திறனும் குழந்தைப் பருவத்திற்குப்பின் பலர்க்குக் குறைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 முறை வரை வளி பிரிதல் உடலின் இயல்பே. அதனை நோயென்று அஞ்ச வேண்டுவதில்லை.

எனவே, தீர்வும் அவ்விரு வழிகளையும் அடைப்பதில் தொடங்குதல் வேண்டும். அமர்ந்து, நன்கு மென்று, பேச்சைக் குறைத்து உண்க. பயறுகளை முன்னிரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைத்தால் வளியை மிகுக்கும் சருக்கரையில் ஒரு பகுதி நீங்கும். பால் ஒவ்வாதார் அதனை விடுத்து மோர் பருகிப் பார்க்கலாம். உண்டவுடன் படுக்கையில் சாயாமல் சிறிது தொலைவு நடந்தால் குடலில் தங்கிய வளி நகரும்.

இவற்றோடு சேரும்போதே அடுக்களை மருந்துகள் முழுப்பயன் தரும். பருப்பில் இடும் பெருங்காயமும், மோரில் தட்டிப்போடும் இஞ்சியும், உணவுக்குப்பின் பருகும் ஓமநீரும் சீரகநீரும் வழிவழிப் பட்டறிவால் நிலைபெற்றவை. இரைப்பையிலுள்ள உணவு விரைந்து கீழிறங்க இஞ்சி துணைசெய்வதை இக்கால ஆய்வும் காட்டியுள்ளது. ஆயினும், பருப்பில் சேர்க்கும் பூண்டே சிலர்க்கு வளியை மிகுக்கும். தம் உடற்கு ஒவ்வுவது எது என்பதை அவரவரே கண்டறிதல் வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' எனப் பெயர்பெற்ற 95ஆம் பகுதியின் 10 பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. முன்னுண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்ணுமாறே வள்ளுவர் வற்புறுத்துகிறார். சுக்கின் பெருமையை மேடைதோறும் முழங்குவார், பந்தியில் மூச்சுமுட்ட உண்டபின் சுக்கைத் தேடுவாராயின், அவர் போற்றுவது மருந்தையுமன்று, மரபையுமன்று.

இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. நெஞ்சில் எழும் வலிக்கு 'வாயுப்பிடிப்பு' என்று தாமே பெயரிட்டு, சுக்குநீர் காய்ச்சிக்கொண்டு காலங்கடத்தும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அது தோளுக்கோ இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை நெஞ்சாங்குலைக்குக் குருதி செல்லும் குழாய் அடைபட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு உடையார்க்கும் பெண்களுக்கும் இவ்வடைப்பு சிலபோது வெறும் செரியாமை போன்றே தோன்றும். அப்பொழுது ஓமமும் உதவாது, ஏப்பமும் உதவாது. உடனே 108 ஊர்தியை அழைத்தலே அறிவுடைமை. அதுபோலவே, வயிற்றுப் பொருமல் நாட்கணக்கில் நீடித்தாலும், உடல் கரணியமின்றி மெலிந்தாலும், கழிவில் குருதி காணப்பட்டாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தமிழர் மருத்துவத்தின்மேல் உண்மைப் பற்றுடையார், அது எங்கு உதவும் என்பதைப் போலவே எங்கு உதவாது என்பதையும் அறிந்திருத்தல் கடமையாகும். பசித்து உண்க, அளவறிந்து உண்க. வயிறு பொருமினால் அஞ்சறைப்பெட்டியைத் திறக்க. நெஞ்சு அடைத்தால் அதனை மூடிவைத்து மருத்துவமனைக்கு விரைக!