இணைப்பு அறாதிருக்க முதலில் பேச்சை நிறுத்த வேண்டும்: மும்பை இணையப் பரிமாற்ற மையங்களில் கருவி மாற்றம்

மும்பை: தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒருவர் காணொளி பார்க்கும்போது, அந்தத் தரவு ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியே அவரை அடைகிறது. அந்தக் கைமாற்றம் வெளிநாடு சுற்றாமல் நகருக்குள்ளேயே நிகழ உதவுபவை இணையப் பரிமாற்ற மையங்கள். 2003-இல் தொடங்கப்பட்ட நிக்சி எனும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமும், தனியார் துறையின் டி-சிக்ஸ் மும்பையும் இங்கு இயங்குகின்றன. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் என்பதால், இங்கு ஏற்படும் தடங்கல் மும்பையோடு நின்றுவிடாது.

இம்மையங்களின் உயிர்நாடியான ஸ்விட்ச்களுக்கும் வயதாகும். மாற்றித்தான் ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரு நிறுவனங்களின் ரவுட்டர்கள் ஒரே கம்பியால் நேரடியாகப் பிணைந்திருந்தால், கம்பி அறுந்த கணமே இரு தரப்பும் அறிந்துகொள்ளும். பரிமாற்ற மையத்தில் இடையே ஸ்விட்ச்கள் இருப்பதால், மறுமுனை மறைந்தது இம்முனைக்குத் தெரியாமல் போகலாம். ரவுட்டர்கள் வழித்தடங்களைப் பகிரும் பி.ஜி.பி. நெறிமுறை, குறித்த காலம்வரை செய்தி வராவிட்டால்தான் தொடர்பு முறிந்ததாகக் கொள்ளும். வழக்கமாக அது 90 அல்லது 180 விநாடி. அதுவரை அனுப்பப்படும் தரவு எங்கும் போய்ச் சேராது. பணப் பரிவர்த்தனையின் நடுவே இருப்பவருக்கு மூன்று நிமிடம் சிறிதல்ல.

இதற்கான வழிமுறையை இணையப் பொறியியல் பணிக்குழு 2018 மார்ச்சில் பரிந்துரையாக வெளியிட்டது. கருவியில் கைவைக்கும் முன், பி.ஜி.பி. உரையாடலை மட்டும் ஸ்விட்ச்சில் வடிகட்டித் தடுக்க வேண்டும். பயனர் தரவு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். செய்தி வராததைக் கண்ட ரவுட்டர்கள் தாமாகவே மாற்றுப் பாதைக்கு நகரும். போக்குவரத்து வடிந்தபின் பழைய ஸ்விட்ச்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். பின்னர் தடையை நீக்கினால் உரையாடல் மீளும். நுட்பம் எளிது. காத்திருக்கும் பொறுமைதான் அரிது.

முறையான திட்டம் இருந்தும் கை தவறலாம். உலகின் பெரிய பரிமாற்ற மையங்களுள் ஒன்றான ஆம்ஸ்டர்டாமில், 2015 மே 13 அன்று பராமரிப்புப் பணியின்போது வலையமைப்பில் ஏற்பட்ட வளையத்தால் இணைப்புகள் சிறிது நேரம் குலைந்தன.

இம்முறை முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாற்றுப் பாதை உண்டு என்பதே அது. பெருநிறுவனங்களுக்கு அது பொருந்தும். வெளியுலகுக்கு ஒரே இணைப்பை நம்பியிருக்கும் சிறிய சேவையாளருக்கோ, திட்டமிட்ட துண்டிப்பும் துண்டிப்பே. அவருக்குப் பயன்படுவது முன்கூட்டிய அறிவிப்பும், சந்தாதாரர்கள் உறங்கும் நேரத் தேர்வும்தான்.

பரிமாற்ற மையங்களுக்கு எளிய நிபந்தனைகளுடன் தனி உரிம வகையை உருவாக்க தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 நவம்பரில் பரிந்துரைத்தது. எளிமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் பராமரிப்புக்கு முன் உறுப்பினர்களுக்கு எத்தனை நாள் அவகாசம் தரவேண்டும் என்ற ஒரு வரியையேனும் அந்நிபந்தனைகளில் சேர்ப்பது, சிறிய சேவையாளருக்குப் பெரும் உதவியாக இருக்கும்.