பஞ்சர் கிட் இருக்கா?
கொருக்குப்பேட்டை, மணலி பக்கம் கார் ஓட்டுறவங்களுக்குத் தெரியும்: கன்டெய்னர் லாரி போற ரோட்டுல ஆணிக்குப் பஞ்சமே இல்லை. 2020-ல விதி மாறினதுக்கு அப்புறம், டியூப்லெஸ் டயர், ரிப்பேர் கிட், பிரஷர் சென்சார் இருந்தா காருக்கு ஸ்டெப்னிகூடக் கட்டாயம் இல்லை. அதனால கிட் வாங்குங்க, பழகுங்க. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அராவி, பசை தடவின ரப்பர் திரியைச் சொருகி, காத்தடிச்சா ஓடும்.

ஆனா அதோடயே மாசக்கணக்கா ஓட்டுறாங்க பாருங்க, அதைத்தான் ஏத்துக்க முடியல. திரி வெளியில இருந்து ஓட்டையை அடைக்குது, அவ்வளவுதான். காத்தில்லாம உருண்டதுல டயர் உள்ளே நசுங்கியிருந்தா, ரிம்மிலிருந்து கழட்டாம யாருக்கும் தெரியாது. பஞ்சர் கடையில கழட்டிப் பார்த்து, உள்பக்கம் பேட்ச் போடச் சொல்லுங்க. ஓட்டை 6 மி.மீ.க்கு மேலயோ, டயரோட பக்கவாட்டிலயோ இருந்தா திரியே வேண்டாம்.

இன்னொண்ணு: லாரி போற பக்கத்து டயர்னா அங்கேயே குந்தாதீங்க. மெதுவா உருட்டிக்கிட்டு ஓரமா போங்க. டயர் போனா போகட்டும்.