பெரிய அணியின் பெஞ்சு

2017 ஆகஸ்ட்டில், 17 வயதில், கால்பந்து வீரர் ஜேடன் சாஞ்சோ இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணியை விட்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போனார். பணத்திலும் பெயரிலும் சிட்டி பெரியது. ஆனால் அங்கே முதல் பதினொருவரில் இடம் கிடைப்பது அரிது. டார்ட்மண்ட் அவரை ஆடவிட்டது. 2018 அக்டோபரில் இங்கிலாந்தின் முதன்மை அணிக்கே ஆடிவிட்டார். வளரும் வயதில் அணியின் பெருமையைவிடக் களத்தில் கிடைக்கும் நிமிடங்களே மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் பந்தைக் கையாளக் கற்கலாம். எழுபதாவது நிமிடத்தில் கால் தளரும்போது என்ன செய்வது, தன் பிழையால் கோல் விழுந்தபின் எப்படி ஆடுவது என்பதையெல்லாம் ஆட்டம்தான் கற்றுத்தரும்.

பில் ஃபோடன் சிட்டியிலேயே இருந்து வென்றாரே என்பார்கள். உண்மைதான், 2023-24 பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர் அவர். ஆனால் 2017இல் கொல்கத்தாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று, அத்தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வான அவரே இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஆட 2020 செப்டம்பர் வரை காத்திருந்தார். அந்தத் திறமைக்கே அவ்வளவு காத்திருப்பு என்றால் சராசரிப் பிள்ளையின் கதி என்ன? காத்திருந்தே காணாமல்போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாஞ்சோ பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டில் சோபிக்கவில்லை என்பது வேறு கதை. யுனைடெட்டும் பெரிய பெயர்தான்.

பெற்றோரே, பிள்ளையை ஓர் அணியில் சேர்க்குமுன் அலமாரியில் எத்தனை கோப்பை என்று எண்ணாதீர்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆடவிடுவீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.