வீடு இல்லை என்பவர்களுக்கு நம் பதில் என்ன?

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ வாடகை வீடு தேடி அலைந்த நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வேலியில் தொங்கும் பலகையைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வாடகை எவ்வளவு, எத்தனை அறை, எப்போது வந்து பார்க்கலாம் என எல்லாம் பேசி முடிகிறது. கடைசியில் பெயர் கேட்கப்படுகிறது. பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மௌனம். பிறகு, "வீடு ஏற்கெனவே போய்விட்டது" என்ற பதில். பலகை மட்டும் அடுத்த மாதமும் அதே வேலியில் தொங்குகிறது!

இணைய விளம்பரங்களில் இந்த நாசூக்குகூடக் கிடையாது. "இந்தியர் வேண்டாம்", "சீனர் மட்டும்" என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள்.

இந்த அவமானத்தை நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிப் புலம்புகிறோம். மறுநாள் வேறு எண்ணை அழைக்கிறோம். ஒரு கடிதம் இல்லை, ஒரு புகார் இல்லை, ஒரு கணக்கும் இல்லை. தொலைபேசியில் சொல்லப்பட்ட "இல்லை" காற்றோடு போய்விடுகிறது. சான்று இல்லாத அநீதியை எந்த அமைச்சு கேட்கும்? எந்த நாடாளுமன்றம் விவாதிக்கும்?

கெடா இந்தியர்களுக்கு வீடு என்பது என்றுமே சொந்தமாக இருந்ததில்லை. தோட்டத்து லயம் நிர்வாகத்தின் சொத்து. வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போகும். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் அ.மு. சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தபோது நம் பாட்டன்மார் பணயம் வைத்தது கூலியை மட்டுமல்ல, தலைக்கு மேலிருந்த கூரையையும்தான். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலை தேடிப் பட்டணத்திற்கு வந்தார்கள். வந்தவர்களை முதலில் வரவேற்றது வாடகைப் பலகைதான்.

தோட்டத்தில் வீடு தந்தவன் வேலை வாங்கினான். பட்டணத்தில் வீடு வைத்திருப்பவர் வேலை எதுவும் கேட்கவில்லை, இனத்தைக் கேட்கிறார். இதுதான் மாற்றம்!

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, இனம், சமயம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தையும் சட்டங்களையும் கட்டுப்படுத்துமே தவிர, தனியாரைக் கட்டுப்படுத்தாது. விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னான்டஸ் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே "இந்தியர் வேண்டாம்" என்று எழுதும் வீட்டுக்காரர் மீது இந்தப் பிரிவைக் காட்டி வழக்குப் போட முடியாது. 2019இல் வீடமைப்பு அமைச்சு, வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்படும் என்றது. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் அது சட்டமாகவில்லை. வாடகை பாக்கி, வைப்புத்தொகைத் தகராறு ஆகியவற்றோடு அந்தச் சட்டம் நின்றுவிடக்கூடாது. இனத்தைக் காட்டி வீடு மறுப்பதும் குற்றம் என்ற ஒரு விதி அதில் இருந்தே ஆக வேண்டும்.

மற்ற நாடுகள் இதைச் செய்து பல காலம் ஆகிறது. "கறுப்பர்களுக்கு இல்லை" என்ற அட்டைகள் ஜன்னல்களில் தொங்கிய பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் அதைத் தடை செய்தது. அதே 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அமெரிக்காவில் நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. அங்கே ஒரே வருமானமுள்ள ஒரு வெள்ளையரையும் ஒரு கறுப்பரையும் ஒரே வீட்டுக்கு அனுப்பி, யாருக்கு வீடு கிடைக்கிறது என்று சோதித்துச் சான்று திரட்டுகிறார்கள். சான்று தானாக வராது. அதை உண்டாக்க வேண்டும்.

நம்மால் எப்படி உண்டாக்க முடியும்? இங்கேதான் சமூகக் கலையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கலை என்றவுடன் தீபாவளி கலை இரவை நினைத்துவிட வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களே தங்கள் அனுபவத்தைப் படமாகவும் நாடகமாகவும் வரைபடமாகவும் ஆக்கி ஊர் முன்னால் வைப்பதுதான் சமூகக் கலை.

இதற்கு முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே உண்டு. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஆறு உயிர்களைப் பறித்த கலவரத்திற்குப் பின்னர், பைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழு தாமான் மேடான் சிறார்களைக் கூட்டிச் சமூகக் கலைத் திட்டம் நடத்தியது. பினாங்கில் 1999இல் தோன்றிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பின் வழி, ஜேனட் பிள்ளையும் அவருடைய சகாக்களும் பிள்ளைகளை ஜோர்ஜ் டவுன் தெருக்களுக்கு அழைத்துச் சென்றார்கள். அந்தப் பிள்ளைகள் குடியிருப்பவர்களிடம் கதை கேட்டார்கள், கேட்டதைக் கலையாக்கினார்கள்.

அதே ஜோர்ஜ் டவுன் நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருந்தவர்களைக் காப்பாற்றி வந்தது. 1997இல் அதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 2000 ஜனவரியில் பாதுகாப்பு முழுமையாகப் போனது. வாடகை ஏறியது; தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008இல் அந்நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாயிற்று. 2012இல் அதன் சுவர்களில் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன. சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் ஓவியத்தோடு படம் எடுக்க இன்றும் கூட்டம் வருகிறது. ஓவியரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருக்களை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே என்று சுவர் கேட்கவில்லை. குடியிருந்தவன் போன பிறகு சுவருக்கு வண்ணம் பூசுவது நாம் கேட்கும் கலை அல்ல.

நம் தோட்ட வாழ்க்கை கலையில் இடம்பெறாமல் இல்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் வாழ்வைச் சொல்லி, 2016இல் மலேசியாவின் சிறந்த திரைப்பட விருதைப் பெற்றது. நம் கெடா மாநிலத்து லுனாஸ் மண்ணிலிருந்து ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் 2019இல் வந்தது. தோட்டம் நாவலாகிவிட்டது, படமாகிவிட்டது. வாடகை வீடு மட்டும் இன்னும் நம் வீட்டுக்குள் புலம்பலாகவே இருக்கிறது.

எனவே கெடாவில் உள்ள நம் இளைஞர் மன்றங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய பணம் தேவையில்லை. ஒரு மண்டபம் போதும். பிள்ளைகள் தாங்கள் இதுவரை குடியிருந்த வீடுகளை வரிசையாக வரையட்டும். எத்தனை முறை பள்ளி மாறினார்கள் என்பதை அந்தப் படங்களே சொல்லும். பெரியவர்கள் தங்களுக்கு மறுக்கப்பட்ட வீடுகளை ஓர் ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குறிக்கட்டும். எந்த நாள், எந்தப் பகுதி, என்ன பதில் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சீட்டு இருக்கட்டும். வீட்டுக்காரரின் பெயரும் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். யாரையும் பழிவாங்குவது நம் நோக்கமல்ல. தொலைபேசி உரையாடலைப் பத்து நிமிட நாடகமாக்கி, தமிழிலும் மலாயிலும் நடித்துக் காட்டுங்கள். நம்மவர் மட்டும் பார்த்து அழுதால் பயனில்லை. வீடு வைத்திருக்கும் மலாய்க்காரரும் சீனரும் வந்து பார்க்க வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை மாலை போட அழைக்காதீர்கள். அந்த வரைபடத்தின் முன்னால் நிறுத்தி, வாடகைச் சட்டத்தில் அந்த விதி வருமா என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. "முன்பு இருந்தவர் வாடகை பாக்கி வைத்தார், வீட்டைப் பாழாக்கினார்" என்பார்கள். அப்படி நடந்திருக்கலாம். அதற்குத்தானே இரண்டு மாத வைப்புத்தொகையும், மின்சாரம் தண்ணீருக்கென்று மேலும் அரை மாதமும் வாங்குகிறார்கள்? சம்பளச் சீட்டைக் கேளுங்கள், முந்தைய வீட்டுக்காரரை விசாரியுங்கள். ஒருவன் செய்த தவற்றுக்கு ஓர் இனத்தையே வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

நம் வீட்டையும் சற்றே பார்ப்போம். சொந்த வீடு வாங்கிய நம்மவர்களில் சிலர், வங்காளதேசத் தொழிலாளி என்றால் கதவைச் சாத்துகிறார்கள். தமிழகத்துச் சென்னையிலேயே "சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்" என்ற பலகையின் பின்னால் சாதியும் மதமும் ஒளிந்திருக்கின்றன. நமக்குக் கேட்கும் நியாயத்தை மற்றவருக்கு மறுத்தால், நம் வரைபடத்தில் உள்ள சிவப்புப் புள்ளிகளுக்கு மதிப்பு இருக்காது.

லயத்து வீட்டில் நம் பாட்டன்மாருக்கு எழுத்தறிவு குறைவு. ஆனாலும் தங்கள் குறையை ஊர் கூடிச் சொன்னார்கள். படித்துப் பட்டம் பெற்று, கையில் கேமராவோடு திரியும் நாம் ஏன் வாய்மூடி இருக்கிறோம்? அடுத்த முறை "வீடு போய்விட்டது" என்று யாராவது சொன்னால், தொலைபேசியை வைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள். தேதியைக் குறியுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்!